கடையில் வாங்கினது மாதிரியே இருக்கு!

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கையால் செய்த எந்தப் பொருளுக்கும் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு, "அட, கடையில வாங்கினது மாதிரியே இருக்கே!" என்பதுதான். அதைக் கேட்டுவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். இப்போது என் மகள் கடையில் வாங்கிவந்த பொருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாரும்மா, வீட்டுல செஞ்சது மாதிரியே இருக்கு" என்று பூரித்துப் போகிறாள். விலையைப் பார்த்தால் அவள் பூரித்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் தெரிகிறது.

இந்தப் பாராட்டுகளுக்கென்று ஒரு பருவம் உண்டு. நவராத்திரியில் தொடங்கி, தீபாவளி தாண்டி, ஐப்பசிக் கடைசி வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பொன் உருகக் காயும். மறுநாளே மண் உருகப் பெய்யும். கொல்லையில் தோட்டம் ஒரு பக்கம் முடிந்துகொண்டிருக்கும். வீட்டுக்குள் எல்லார் கையிலும் ஏதாவது வேலை இருக்கும்.

போன அக்டோபரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்கூடத்தில் ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு நிறங்களில் மேப்பிள் இலைத் தோரணம் தொங்கவிட்டார்கள். எல்லாம் துணியும் பிளாஸ்டிக்கும். சங்கத்து இளைஞர்கள் எங்கேயோ படத்தில் பார்த்திருக்கிறார்கள். வெளியே சென்னைப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் வேம்பும் புங்கனும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசி மழையில் அவை பச்சைப் பசேலென்று நிற்கும். காலையில் கூடம் பெருக்க வந்தவர் தோரணத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மாவிலையெல்லாம் சருகாயிடுச்சும்மா, கழட்டிடவா?" நான் பதில் சொல்லாமல் மின்தூக்கிக்குள் நுழைந்துவிட்டேன். கழற்றிவிட்டார். சங்கக் கூட்டத்தில் அதற்கு நடந்த விசாரணை தனிக் கதை.

மாயவரத்தில் எங்களுக்குப் பருவம் மாறுவதை முதலில் அறிவிப்பவர் பூக்காரப் பாட்டி. (1982இலேயே ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் மாயவரம்தான்.) கோடை முழுக்கத் தாராளமாக அளந்துபோட்ட மல்லிகை, புரட்டாசியில் வரத்துக் குறையும். அதோடு பாட்டியின் முழமும் மெல்லக் குட்டையாகும். அம்மா கேட்டால், "என் கைதானே ஆத்தா, அது தேயுமா என்ன?" என்பாள். அம்மா கனகாம்பரத்துக்கு மாறிவிடுவாள். மழை வலுத்தபின் டிசம்பர் பூ. பெயர்தான் டிசம்பர், எங்கள் கொல்லை வேலியில் ஐப்பசியிலேயே ஊதா நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

புடலைப் பந்தல் அப்போது ஓய்ந்திருக்கும். இலைகள் மஞ்சளித்து ஓரம் கருகி, கொடி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். காய் கோணாமல் இறங்கட்டும் என்று நுனியில் கட்டிவிட்ட கூழாங்கற்கள், காய் பறித்த பிறகும் கயிற்றோடு சும்மா ஆடிக்கொண்டிருக்கும். விதைக்கென்று விட்டுவைத்த ஒன்றிரண்டு காய் மட்டும் செக்கச்செவேலென்று பழுத்துத் தொங்கும். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அதைப் பிளந்து உள்ளே இருக்கும் சிவப்புச் சதையை வழித்து, விதைகளை அடுப்புச் சாம்பலில் பிசறி நிழலில் உலர்த்துவாள். பிறகு அவை சுரைக்குடுக்கைக்குள் போய்விடும். அவரை, பாகல், பீர்க்கு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு குடுக்கை. தெருவில் யார் கேட்டாலும் பழந்துணியில் முடிந்து கொடுப்பாள். காசு கிடையாது, அவர்கள் வீட்டு விதை நம் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் அத்தைக்குப் பிடிக்காத வீடுகள் என்று சில இருந்தன. அவர்களுக்குப் போகும் முடிச்சில் சாவி விதைகள் அதிகம் இருக்கும் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

சென்ற நவராத்திரியில் மகளுக்கு ஒரு வீட்டில் தாம்பூலத்தோடு விதைத் தாள் கொடுத்தார்கள். கரடுமுரடான காகிதத்தில் பூ வரைந்து, நடுவே துளசி விதைகளை ஒட்டியிருந்தது. படித்துவிட்டுத் தொட்டியில் புதைத்தால் செடி முளைக்குமாம். பேத்தி அதை மிகுந்த பக்தியோடு புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். காகிதம் ஊறியது, பூஞ்சை பூத்தது, வேறொன்றும் பூக்கவில்லை. கொடுத்த வீட்டம்மாவுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொல்லைக் கிணற்றோரம் ஒரு பவழமல்லி மரம். சாயங்காலம் இருட்டும்போது மொட்டு விரியும். விடிவதற்குள் அத்தனையும் கீழே. விடியற்காலை பொறுக்குவது என் வேலை. தரையில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்று மற்ற பூக்களுக்கெல்லாம் சட்டம் பேசுகிற அத்தை, இதற்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுவாள். அது அவள் கொடுத்த விலக்கு அல்ல, ஊர் உலகத்து வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தை கொடுத்ததாகவே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பூவின் பவழ நிறக் காம்பில் சாயம் உண்டு. ஒரு வருஷம் அத்தை காம்புகளை மட்டும் கிள்ளி உலர்த்தி, வெந்நீரில் கொதிக்கவைத்து, அப்பாவின் பழைய வேஷ்டியை அதில் முக்கி எடுத்தாள். கொலுப்படிக்கு விரிப்பு. காவியும் மஞ்சளுமாக, பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்தது. ஒருமுறை அலசியதில் பாதி நிறம் போயிற்று. வெயிலில் காயப்போட்டதில் மீதியும் போயிற்று. அப்பா மறுபடி அதை எடுத்துக் கட்டிக்கொண்டார். "நாலு ரூபாய்க்குச் சாயப்பொடி வாங்கியிருந்தா ஜென்மத்துக்கும் போயிருக்காது" என்று அம்மா முணுமுணுத்தாள். என் மகளிடம் இப்போது ஒரு மேல்துண்டு இருக்கிறது. இயற்கைச் சாயமாம். விலையை நான் கேட்கவில்லை, அவளாகவும் சொல்லவில்லை. அதோடு வந்த அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்: துவைக்கத் துவைக்க நிறம் மங்கும், அதுவே இதன் அழகு. அத்தைக்கு இப்படி ஒரு அட்டை அச்சடித்துக் கொடுக்க அன்றைக்கு ஆளில்லாமல் போய்விட்டது.

எங்கள் வீட்டில் இவ்வளவு கைவேலை நடந்ததற்குக் கலை ஆர்வம் காரணமல்ல, காவிரிதான் காரணம். ஐப்பசி மாதம் முழுவதும் மாயவரம் துலாக்கட்டத்தில் நீராடுவது புண்ணியம். அந்த மாதம் கங்கையே இங்கே வந்து நீராடுகிறாள் என்பது ஐதிகம். கங்கை வருகிறாளோ இல்லையோ, கும்பகோணம், திருவாரூர், சிதம்பரம் என்று திசைக்கொரு ஊரிலிருந்து எங்கள் உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். மாதக் கடைசி நாள் கடைமுகம். கூட்டம் தெப்பமாக நிற்கும். அதற்கும் வர முடியாமல் போனவர்களுக்கென்று கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு வேறு. புண்ணியத்துக்குக்கூடக் கால அவகாசம் கொடுத்த ஊர் அது. வந்தவர்கள் திண்ணையில் சாய்ந்துகொண்டு, ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்று ஊரைப் புகழ்வார்கள். புகழ்ச்சி எத்தனை நாள் நீடிக்கும் என்று அப்பா மனத்துக்குள் கணக்குப் போடுவார்.

வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. கொலுவுக்கு வருகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதாவது வைத்துக் கொடுக்கவேண்டும். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு. வீட்டில் சம்பளம் ஒன்று. ரவிக்கைத் துணியைத் தெருவில் சுற்றவிட்டுச் சமாளிப்பதற்கும் ஒரு வரம்பு உண்டல்லவா? அம்மா ஒரு துணியின் ஓரத்தில் நீல நூலால் ஒரு தையல் போட்டு அனுப்பி, சில வருஷம் கழித்து அதே தையலோடு அது திரும்பிவந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகுதான் அவள் வயர் கூடைக்கு வந்தாள்.

எழுபதுகளில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேர் வயர் கூடை பின்னினார்கள், மீதிப்பேர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை. பக்கத்து வீட்டுத் தையல் டீச்சர் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். பட்டமங்கலத் தெருக் கடையில் ரோல் ரோலாக வயர் கிடைக்கும். அம்மா முழம்போட்டு அளந்து வெட்டி, வெட்டியதைக் கூடத்துத் தூண் ஆணியில் தொங்கவிடுவாள். முதல் முடிச்சுதான் பெரிய பாடு. இரண்டு வயரை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்தால் சின்னச் சதுரமாக ஒரு முடிச்சு விழும். அதை ஒட்டி அடுத்தது. அடித்தளம் முடிந்து நாலு மூலையும் திரும்பி மேலே ஏற ஆரம்பித்தபின் வேகம் பிடித்துவிடும். முதலில் சாதா முடிச்சு. தேர்ச்சி பெற்றபின் நெல்லிக்காய், பிஸ்கட், சிவன் கண். சிவன் கண் கூடை பின்னத் தெரிந்தவளுக்குத் தெருவில் தனி மரியாதை. மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட அதைச் சொல்வார்கள்.

மழைக்காலத்தில் மாயவரத்தில் மின்சாரம் போவதற்கு மழை பெய்யவேண்டும் என்ற அவசியமில்லை, மேகம் கூடினாலே போதும். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மா நிறங்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் பிரித்து வைத்துக்கொண்டு, முடிச்சை விரலாலேயே பார்த்துப் பின்னுவாள். இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் வழன்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்காருவாள். உள்ளே துலா ஸ்நான விருந்தாளிகள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். யாருடைய ஊருக்குப் போகப்போகிறது அந்தக் கூடை என்று அவர்களுக்கே தெரியாது.

எல்லாம் சரியாக வரும், கைப்பிடியைத் தவிர. உடம்பு முழுக்க ஒரு முடிச்சு பிசகாமல் பின்னிக்கொண்டு வந்தவளுக்கு, காது வைக்கும் இடத்தில் மட்டும் கணக்குத் தவறும். தூக்கினால் கூடை ஒரு பக்கமாகச் சாயும். அத்தை விடமாட்டாள். "ஏம்மா, ஒரு காது நெட்டை, ஒரு காது குட்டையா இருக்கே. கடைக்காரன் இப்படியா வைப்பான்?" என்பாள். கடைக்காரன்தான் எங்களுக்கு நீதிபதி. அம்மா பிரித்து மறுபடி சுற்றுவாள். இந்தமுறை மற்றக் காது நெட்டையாகும். விருந்தாளிகள் கூடையை வாங்கும்போது இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "கடையில வாங்கினது மாதிரியே..." என்பார்கள். பொய்தான். ஆனால் ஒரு மாதம் சாப்பிட்டவர்கள் அந்தப் பொய்யாவது சொல்லவேண்டாமா?

மற்றக் கைவேலைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, இளகும்போது வளைத்து ஒன்றோடொன்று கோத்து வாசலுக்குத் தோரணம் செய்வோம், விரல் சுடும். பழைய தினசரிகளை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பானையின்மேல் அப்பிக் காயவைத்தால் தட்டு. இதைப் புரட்டாசி வெயிலுக்குள் முடித்துவிடவேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் காயாமல் நாறும். அப்படி ஒரு தட்டை உறவுக்காரர் ஒருவருக்குக் கொடுத்து, அவர் அதில் சூடான வடையை வைத்து, பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். அப்பா அந்தத் தொழில்நுட்பத்தை மிகவும் ஊக்குவித்தார்.

தீபாவளியில் அத்தைதான் ராணி. முறுக்கும் அதிரசமும் அம்மா பொறுப்பு. லேகியத்தில் யாரும் கை வைக்க முடியாது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், தனியா, எல்லாவற்றையும் வெறும் வாணலியில் வறுத்து இடித்துச் சலிப்பாள். உருளியில் வெல்லம் கரைந்து கொதிக்கும்போது பொடியைத் தூவி, ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் நல்லெண்ணெயும் நெய்யும் மாறிமாறி விடுவாள். முதலில் சேறாக இருக்கும். கிளறக் கிளறக் கருகருவென்று பளபளப்பு ஏறும். கரண்டியை இழுத்தால் தடம் மூடாமல் நிற்கவேண்டும், ஓரத்தில் எண்ணெய் கக்கவேண்டும். அந்த இடத்தில் இறக்கி, ஆறியபின் தேன். பதம் பார்க்க எங்களுக்கு ஒரு கோலி உருண்டை. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினால்தான் அடுத்த நாள் பட்டாசு. சிறு கிண்ணங்களில் வழித்து வாழை இலைத் துண்டால் மூடித் தெருவெல்லாம் கொடுத்தனுப்புவாள். கிண்ணம் திரும்பி வரும்போது காலியாக வராது. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டு லேகியம். அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "ஓமம் தூக்கல்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள் அத்தை.

1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல், தீபாவளி முடிந்த சூட்டோடு வந்தது. டெல்டா முழுக்கத் தென்னையும் வாழையும் தலைகீழாயின. எங்கள் வீட்டுப் புடலைப் பந்தலின் மூங்கில் ஒன்று இரண்டு வீடு தள்ளி ஓட்டின்மேல் கிடந்தது. அடுப்புக்குக் காய்ந்த விறகு இல்லை. முறுக்கு டின்தான் வீட்டை நடத்தியது. யார் யார் வீட்டிலோ மிஞ்சிய பலகாரங்கள் எங்கள் திண்ணையில் ஒன்று சேர்ந்தன, எல்லாருக்கும் பொதுவாக. மூன்று தீபாவளிக்கு அம்மாவின் முறுக்கைக் குறை சொன்ன எதிர்வீட்டு அம்மாள் அதை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். புயலடித்தால்தான் அந்த அளவுக்கு வரும்.

இப்போது அதே லேகியம் சிறு கண்ணாடிக் குப்பியில், சணல் நூல் கட்டி, துணித் தொப்பி போட்டு வருகிறது. மூடியில் ஒரு பாட்டியின் படம். கொண்டை, வட்ட மூக்குக்கண்ணாடி, பொக்கைவாய்ச் சிரிப்பு. எங்கள் அத்தை வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை. லேகியம் கிண்டும்போது சிரித்ததும் இல்லை. சுவை பரவாயில்லை. ஓமம் தூக்கல்.

நவராத்திரிக்கு முன்பே மகள் பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போய்வந்துவிடுகிறாள். அங்கே மொத்த விலையில் கிடைக்காத அன்பளிப்பு கிடையாது. ஆனால் சில வருஷங்களாக அந்தத் தெருச் சாமான் அவளுக்கு இளக்காரமாகிவிட்டது. "எல்லார் வீட்டுலயும் அதேதாம்மா குடுக்கறாங்க." ஆகவே இணையத்தில் தேடி, பனையோலைப் பெட்டி, வாழைநார்ப் பை, கோரைப்புல் தட்டு. எங்கள் காலத்தில் பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி வரும்; கருப்பட்டியை எடுத்துக்கொண்டு பெட்டியை அடுப்பெரிக்கப் போடுவோம். இப்போது பெட்டிக்குத்தான் விலை, உள்ளே இருப்பது உபரி. கொலுப்படிகூட அப்படித்தான். அன்றைக்கு டிரங்குப் பெட்டி, மேஜை, செங்கல், அப்பாவின் அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்து ஏழு படி. நடுவில் அரிசி எடுக்கவேண்டி வந்தால் மீனாட்சி கல்யாணமே ஆட்டம் காணும். இன்றைக்கு மடக்கி வைக்கும் எஃகுப் படி, திருகாணியோடு. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பழைய படிகளுக்கு முதுகு கொடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பொம்மை மட்டும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நேரில் பார்த்துத்தான் வாங்குவேன். அங்கே பேரம் பேசாவிட்டால் நவராத்திரி வந்ததாகவே எனக்குத் தோன்றாது.

வயர் கூடையும் திரும்பி வந்துவிட்டது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. பை இல்லாமல் கடைக்குப் போன தலைமுறை திடீரென்று பாட்டியின் பரணைக் குடைந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்த கூடை என்று எங்கள் குடியிருப்பில் அதைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக் வயர் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. சாகாவரம் பெற்ற பிளாஸ்டிக். அதுதான் அதன் தகுதி. அம்மா பின்னிய கூடை ஒன்றில் கும்பகோணத்து உறவு வீட்டில் இன்னும் வெங்காயம் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் இந்தக் காலத்துக்கே என் ஓட்டு. சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் பரவின. அவற்றில் கூடை பின்னுகிற பெண்களும் இருக்கிறார்கள். கண்காட்சி மேஜையில் வரிசையாக அடுக்கி, கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். தோல் வழன்ற விரலால் ரூபாயை எண்ணி வாங்கிப் பையில் போடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். என் அம்மா பின்னிய கூடைகளுக்கு வந்த கூலி, இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்தப் பொய்தான்.

கதை இப்படி இருக்க, போன புரட்டாசியில் எங்கள் சங்கம் கூடை பின்னும் வகுப்பு ஒன்று ஏற்பாடு செய்தது. வகுப்பெடுக்க நான். அறிவிப்பில் அதே கண்ணாடிப் பாட்டியின் படம். மூன்று மணி நேரத்தில் ஆளுக்கொரு கூடையோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்று நிபந்தனை. நான் அடித்தளத்தின் இரண்டாவது வரிசைக்கு வருவதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. பாதிப்பேர் முடிச்சைப் போடுவதற்குமுன் படம் எடுத்துக்கொண்டார்கள், மீதிப்பேர் போட்டபின். ஒரு பெண், "மனசுக்கு எவ்வளவு அமைதியா இருக்கு இல்ல ஆன்ட்டி? உங்க அம்மாவெல்லாம் ஸ்ட்ரெஸ்ஸே இல்லாம இருந்திருப்பாங்க" என்றாள். உள்ளே பதினோரு விருந்தாளிகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்த அம்மாவின் மனநிலையைப் பற்றி நான் அதுவரை யோசித்ததில்லை. "ஆமாம்" என்றேன்.

மூன்றாவது மாடி அம்மாள் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தார். "எனக்குப் பின்ன வராது ஆன்ட்டி. நீங்களே ஒண்ணு பின்னிக் குடுங்க, எவ்வளவு ஆகும்?" வயர் விலை, அதோடு கூலி என்று கணக்குப் போட்டு ஒரு தொகை சொன்னேன். தோல் வழலும் விரலுக்கும் கொஞ்சம் சேர்த்தேன், மறைப்பானேன். அவர் கைபேசியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆன்லைன்ல இதைவிடக் கம்மியா இருக்கே. அதுவும் கையால செஞ்சதுன்னுதான் போட்டிருக்கான்" என்றார். அப்படியானால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கிவிட்டார்.

பெட்டி வந்த அன்று சாயங்காலம் அழைப்புமணி. கூடையோடு நிற்கிறார், முகத்தில் கவலை. "ரெண்டு கைப்பிடியும் ஒரே அளவா இருக்கு ஆன்ட்டி. கையால செஞ்சா இவ்வளவு கரெக்டா வருமா? மெஷின்ல பண்ணதைக் குடுத்து ஏமாத்திட்டாங்களோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க பாத்துச் சொன்னா, திருப்பி அனுப்பிடறேன்."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு ரோல், சிவன் கண். ஒரு முடிச்சு நெகிழவில்லை. எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி உட்கார்ந்து, அத்தை மாதிரி ஒரு நாத்தனார் வாயில் விழுந்து எழுந்து, அம்மாவுக்குக் கடைசிவரை வராத ஒன்றைச் சாதித்திருக்கிறாள். இது திரும்பிப் போனால் அவளுடைய கூலியிலல்லவா பிடிப்பார்கள்? மூன்றாவது மாடி அம்மாளைத் தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, ஒரு கைப்பிடியின் சுற்றைக் கொஞ்சம் நெகிழ்த்தி, பலம்கொண்ட மட்டும் இழுத்துவிட்டேன்.

"நல்லாப் பாருங்க, ஒரு காது நெட்டை" என்று தூக்கிக் காட்டினேன். கூடை சாய்ந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார், சாய்ந்த கூடையின் படத்தோடு.